பழைய பிலிம் வண்ணத்தை டிஜிட்டல் ஃபேஷன் படங்களில் கொண்டுவருவது எப்படி? ப்ரீசெட்டுகளால் ஏன் முடிவதில்லை?

கேள்வி

வணக்கம். ரா வடிவத்தில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பாக) எடுக்கும் ஃபேஷன் படங்களுக்கு, 1960, 70களின் பத்திரிகைப் பக்கங்களில் காணப்படும் வண்ணத்தைக் கொண்டுவர விரும்புகிறேன். இணையத்தில் கிடைக்கும் ப்ரீசெட்டுகளையும் (முன்பே அமைத்துவைத்த திருத்தத் தொகுப்புகள்) லட் கோப்புகளையும் (ஒரு நிறத்தை இன்னொன்றாக மாற்றும் அட்டவணைகள்) பயன்படுத்திப் பார்த்ததில், எல்லாமே ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கறுப்பு சாம்பலாக வெளுக்கிறது. மாடலின் முகம் ஆரஞ்சாகிறது. சிவப்பு உடை இயற்கைக்கு மாறாக ஒளிர்கிறது. இவற்றின் மேல் படம் முழுவதும் ஒரே சீராகக் கிரெய்ன் எனப்படும் புள்ளித் துகள்தன்மை படிகிறது. பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவற்றில் கறுப்பு ஆழமாகவே இருக்கிறது. சிவப்பு அழுத்தமாக இருந்தும் கண்ணை உறுத்துவதில்லை. தோல் நிறத்தில் வெதுவெதுப்பு இருந்தும் இயல்பு கெடவில்லை.

லைட்ரூம், ஃபோட்டோஷாப் இரண்டையும் பயன்படுத்துகிறேன். இந்த வேறுபாடு எந்தக் கட்டத்தில் ஏற்படுகிறது, அதை எந்த வரிசையில் சரிசெய்ய வேண்டும் என்பதை அறிய விரும்புகிறேன். உடையின் நிறம் அதிகம் மாறினால் வடிவமைப்பாளர்கள் ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும் கணக்கில் கொண்டு பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

நீங்கள் பார்த்த ப்ரீசெட்டுகளில் பெரும்பாலானவை பிலிமை நகலெடுக்கவில்லை. கெட்டுப்போன பிலிமை நகலெடுக்கின்றன. வேலையைத் தொடங்குவதற்கு முன்பு இந்த இரண்டையும் பிரித்துக்கொள்வது நல்லது. புதிதாகக் கழுவி எடுத்த ஸ்லைடு பிலிமில் (கழுவியதும் நேரடியாகவே சரியான நிறப் படம் தரும் பிலிம்) கறுப்பு மிக ஆழமாக இருக்கும். வெளுத்த கறுப்பு என்பது சாயம் மங்கிய பிரிண்டிலும், வெளிச்சம் போதாமல் எடுத்த நெகட்டிவிலும், சரியாகச் செய்யாத ஸ்கேனிலும் வருவது. 1970களின் பத்திரிகைப் பக்கம் உங்கள் இலக்கு என்றால், அன்று அச்சுக்குப் பெரும்பாலும் ஸ்லைடுகளே போயின என்பதால், நீங்கள் தேட வேண்டியது கோடாக்ரோம், எக்டாக்ரோம் வகைப் பிலிம்களின் தன்மையைத்தான்.

அந்தத் தன்மையின் முதல் கூறு, அது தாங்கும் ஒளி வீச்சு மிகக் குறுகியது என்பது. ஸ்லைடு பிலிம் ஐந்து அல்லது ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாகும் அளவு) அளவுக்குத்தான் விவரத்தைப் பிடிக்கும். இன்றைய ஃபுல்-ஃப்ரேம் சென்சார் ரா கோப்பில் பதின்மூன்று, பதினான்கு ஸ்டாப் வரை பிடித்துவைக்கிறது. நிழல் பகுதிகளைத் திறந்து, ஹைலைட்டுகளை இழுத்து, எல்லா இடத்திலும் விவரம் தெரியும்படி செய்த பிறகு அதன் மேல் எந்த வண்ணத்தை ஏற்றினாலும் அது ஸ்லைடின் சாயலைப் பெறாது. ஷேடோ ஸ்லைடரைத் தொடாமல், நிழல்கள் கறுப்பில் மூழ்கட்டும் என்று விட்டுவிடுவதே முதல் படி. பிலிமின் ஒளிக்கோட்டில் அடியில் மெதுவாக எழும் வளைவும், உச்சியில் மெதுவாகத் தணியும் வளைவும் உண்டு. டோன் கர்வில் (ஒளிர்வை மாற்றும் வளைகோட்டில்) அந்த இரண்டு முனைகளையும் வளைத்து, நடுப்பகுதியைச் செங்குத்தாக வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது கூறுதான் உங்கள் சிவப்பு உடைக்கு விடை. பிலிமில் நிறம் சியான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய சாயங்களால் உருவாகிறது. நிறம் செறிவாக வேண்டுமென்றால் சாயம் கூட வேண்டும். சாயம் கூடினால் அது விழுங்கும் ஒளியும் கூடும். ஆகவே பிலிமில் ஒரு நிறம் செறிவடையும்போது இருண்டும் போகிறது. மென்பொருளில் சாச்சுரேஷன் ஸ்லைடரை உயர்த்தும்போது அந்த இருட்டு கூடவே வருவதில்லை. நிறம் வெளிச்சம் குறையாமலே செறிவடைவதால் ஒளிரும் தோற்றம் வந்துவிடுகிறது. எச்எஸ்எல் பகுதியில் (ஒவ்வொரு நிறத்தின் சாயல், செறிவு, ஒளிர்வைத் தனித்தனியாக மாற்றும் இடம்) சிவப்பின் செறிவைச் சற்று ஏற்றினால், அதே சிவப்பின் லூமினன்ஸை, அதாவது ஒளிர்வை, கூடவே இறக்குங்கள். நீலத்துக்கும் பச்சைக்கும் இதுவே பொருந்தும். ஆரஞ்சுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். தோல் நிறம் அங்கேதான் இருக்கிறது, இருண்டால் முகம் அழுக்கடைந்ததுபோல் தோன்றும்.

முகம் ஆரஞ்சாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே திசையில் மூன்று முறை தள்ளுவதுதான். ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தை ஈடுசெய்யும் அமைப்பை) வெதுவெதுப்பாக்குகிறோம்; ஹைலைட்டுக்கு மஞ்சள் ஏற்றுகிறோம்; ஆர்ஜிபி கர்வில் எஸ் வடிவம் கொடுக்கும்போது செறிவு தானாகவே கூடிவிடுகிறது. ஃபோட்டோஷாப்பில் கான்ட்ராஸ்டுக்கான கர்வ் லேயரை லூமினாசிட்டி கலப்பு முறைக்கு (ஒளிர்வை மட்டும் மாற்றும் முறைக்கு) மாற்றினால் இந்த மூன்றாவது தள்ளல் நின்றுவிடும். நிறத்துக்குத் தனி லேயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

லட் கோப்புகளைப் பற்றி ஒன்று. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வகை உள்ளீட்டை எதிர்பார்த்து உருவாக்கப்பட்டது. லாக் வடிவக் காட்சிக்காக (கான்ட்ராஸ்ட் குறைவாகப் பதிவான வீடியோவுக்காக) செய்த லட்டைச் சாதாரணமாகத் திறந்த படத்தின் மேல் போட்டால் கான்ட்ராஸ்ட் இரட்டிப்பாகும். அது அந்தக் கோப்பின் குறை அல்ல. ப்ரீசெட்டுகளும் அவற்றைச் செய்தவரின் கேமராவுக்கும் வெளிச்சத்துக்கும் பொருந்தியவைதாம்.

பதில் 2

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எடிட்டிங்குக்கு முன்பே முடிவாகிவிடும் சில விஷயங்கள் விடுபட்டுள்ளன. ஸ்லைடு பிலிம் வழக்கில் இருந்த நாட்களில் ஸ்டுடியோக்களில் உதவியாளனாக இருந்தவன் என்ற முறையில் இவற்றைச் சொல்கிறேன்.

பிலிமுக்கு ஒயிட் பேலன்ஸ் கிடையாது. பகல் வெளிச்சத்துக்கான பிலிம் ஏறத்தாழ 5500 கெல்வினுக்கும், டங்ஸ்டன் பிலிம் 3200 கெல்வினுக்கும் என்று தொழிற்சாலையிலேயே நிலைப்படுத்தப்பட்டவை. நிழலில் எடுத்தால் நீலம் ஏறும். மாலை வெயிலில் எடுத்தால் பொன்னிறம் ஏறும். வேண்டுமானால் லென்ஸுக்கு முன் 81ஏ போன்ற மென்மையான வார்மிங் ஃபில்டரைப் போடுவோம். இன்றைய ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு பிரேமையும் நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடுவதால், ஒரே தொகுப்பில் வெயிலும் நிழலும் ஒரே நிறமாகிவிடுகின்றன. தொகுப்பு முழுவதையும் 5500 அருகில் ஒரே எண்ணில் நிறுத்திப் பாருங்கள். வேறு எதையும் செய்யாமலே படங்களில் பழைய தன்மை எட்டிப்பார்க்கும்.

அடுத்தது வெளிச்சத்தின் கடுமை. 1974இல் வந்த கோடாக்ரோம் வகைகளின் வேகம், அதாவது ஒளியுணர் திறன், 25, 64 என்ற அளவில்தான் இருந்தது. அவ்வளவு மெதுவான பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும் என்பதால் நேர் வெயிலும் கடுமையான ஃபிளாஷும் சாதாரணமாகப் பயன்பட்டன. கூர்மையான விளிம்புள்ள நிழல்தான் அந்தக் காலப் படங்களின் அடையாளம். பெரிய சாஃப்ட்பாக்ஸில் மென்மையாக ஒளியூட்டி எடுத்த படத்துக்குக் கோடாக்ரோம் வண்ணம் ஏற்றினால் கண் அதை நம்ப மறுக்கிறது. எங்கே தவறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும் மறுக்கிறது.

எந்தக் காலம் என்பதையும் துல்லியப்படுத்திக்கொள்ளுங்கள். 1950களின் ஸ்டுடியோ ஃபேஷன் படங்களில் பல பெரிய ஷீட் பிலிமில் எடுக்கப்பட்டவை. எட்டுக்குப் பத்து அங்குலப் பிலிமைப் பத்திரிகைப் பக்க அளவில் அச்சிட்டால் கிரெய்ன் கண்ணில் படவே படாது. அந்தத் தோற்றத்துக்குக் கிரெய்ன் சேர்ப்பது பொருத்தமில்லை. கிரெய்னை விரும்பியே பயன்படுத்தியது பிறகு வந்த 35 எம்எம் காலம். ஜிஏஎஃப் 500 போன்ற வேகமான ஸ்லைடு பிலிம்களின் முரட்டுக் கிரெய்னும், லென்ஸுக்கு முன் பூசிய வாஸ்லைனும், இழுத்துக் கட்டிய மெல்லிய நைலான் காலுறையும் சேர்ந்து உருவாக்கியதுதான் 1970களின் கனவு மயக்கம். அதை ஸ்லைடரில் தேடுவதைவிட அதே காலுறையை லென்ஸில் கட்டிப் பார்ப்பது எளிது. செலவும் குறைவு.

கிராஸ் ப்ராசஸிங்கைப் பலரும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஸ்லைடு பிலிமை நெகட்டிவுக்குரிய சி-41 திரவங்களில் கழுவும் அந்த முறை ஃபேஷன் படங்களில் பரவலானது 1990களில்தான். கான்ட்ராஸ்ட் தாறுமாறாக ஏறும். பிலிமின் வகையைப் பொறுத்துச் சில பச்சைக்கும் சில சிவப்புக்கும் சாயும். நீலக் கர்வில் நிழலை உயர்த்தி ஹைலைட்டை இறக்குவது, சிவப்புக் கர்வில் எஸ் வடிவம் கொடுப்பது என்ற பிரபலமான செய்முறை அந்தத் தோற்றத்துக்குரியது, 1970களுக்கு உரியதல்ல.

பதில் 3

உடையின் நிறத்தைப் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் வேலை பெரும்பாலும் விற்பனைக் கேட்டலாக் சார்ந்தது என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. பழைய பிலிம்கள் உடையின் நிறத்தை உண்மையாகப் பதிவுசெய்ததாக எண்ண வேண்டாம். சில சாயங்கள் கண்ணுக்குத் தெரியாத தூரச் சிவப்பையும் அகச்சிவப்பையும் பெருமளவில் எதிரொளிக்கின்றன. வண்ணப் பிலிமின் சிவப்பு அடுக்கு நம் கண்ணைவிடச் சற்றுத் தொலைவு வரை உணரக்கூடியது என்பதால், அப்படிப்பட்ட நீல, ஊதாத் துணிகள் பிலிமில் இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்துவிடும். டிஜிட்டலிலும் இதன் உறவுக்காரன் உண்டு: கறுப்புச் செயற்கை இழைத் துணி சில கேமராக்களில் பழுப்பாகவோ மெஜந்தா கலந்தோ வருவதும் அகச்சிவப்புக் கசிவால்தான். அதன் மேல் வெதுவெதுப்பான கிரேடிங்கை ஏற்றினால், கறுப்புக் கோட்டு காப்பிப் பொடி நிறத்துக்கு வந்துவிடும். கறுப்புத் துணியை முதலில் நடுநிலையாக்கிவிட்டுப் பிறகே பிலிம் வண்ணத்தைத் தொடங்க வேண்டும்.

நடைமுறையில் நான் பின்பற்றும் முறை இது. படப்பிடிப்பின் தொடக்கத்திலும், வெளிச்சத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும், 24 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டையை மாடலின் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். அதிலிருந்து கேமராவுக்கான வண்ண ப்ரொஃபைலை உருவாக்கி, எந்த அலங்காரமும் இல்லாத நேர்மையான ஒரு பதிப்பை முதலில் தயாரித்து வடிவமைப்பாளரின் ஒப்புதலைப் பெறுகிறேன். பிலிம் தோற்றம் அதற்கு மேல் தனி லேயர் குழுவாக வருகிறது. அந்தக் குழுவுக்கு உடையின் வடிவில் ஒரு மாஸ்க் (விளைவு எங்கே விழ வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் மறைப்பு) போட்டு, உடைப் பகுதியில் மட்டும் விளைவின் வலிமையைப் பாதிக்கும் கீழே குறைக்கிறேன்.

முழுவதுமாக மறைத்துவிடக் கூடாது என்பது முக்கியம். பின்னணியும் முகமும் 1970களில் இருக்க, உடை மட்டும் இன்று எடுத்ததுபோல் இருந்தால் வெட்டி ஒட்டியதாகத் தெரியும். நான் விட்டுக்கொடுக்காதது சாயலை மட்டும்தான்: மரூன் என்றால் மரூனாகவே இருக்க வேண்டும், செங்கல் நிறத்துக்குப் போகக் கூடாது. செறிவும் ஒளிர்வும் சற்று மாறுவதை வடிவமைப்பாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். வெளிச்சம் மாறினாலும் அவை மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது பதிலில் இருந்து ஓரிடத்தில் மாறுபடுகிறேன். ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் நிறுத்துவது இதழ் பக்கங்களுக்கான கதைப் படங்களுக்கு அழகாக இருக்கலாம். அதே உடை வெயிலில் ஒரு நிறமும் நிழலில் ஒரு நிறமும் காட்டும் தொகுப்பை விற்பனைப் பக்கத்தில் போட்டால், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். எந்தப் பயன்பாட்டுக்கான படம் என்பதைக் கேட்காமல் இதற்கு ஒரே விடை சொல்ல முடியாது.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. எனக்கு வேண்டியது இதழ் பக்கங்களுக்கான கதைப் படங்கள். காலம் 1970களின் ஸ்லைடு. மங்கிய கறுப்பு இல்லை என்பது தெளிவாகிவிட்டது. இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. ஒரு தொகுப்பில் மட்டும், பெட்டியில் கிடந்து சிவந்துபோன பழைய பிரிண்டின் தோற்றத்தை வேண்டுமென்றே கொண்டுவர விரும்புகிறேன். அதை எப்படிச் செய்வது? மேலும், கிரெய்னையும் ஹைலைட்டுகளைச் சுற்றி வரும் செந்நிற ஒளிவட்டத்தையும் எந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும்?

பதில் 4

சிவந்துபோன பிரிண்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வேதியியல் காரணம் தெரிந்தால் கர்வ் தானாக வந்துவிடும். 1950இல் வந்த ஈஸ்ட்மேன் கலர் சினிமா பிலிம் உட்பட அந்தக் காலத்துப் பல வண்ணப் பொருள்களில் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. இருட்டில் வைத்திருந்தாலும் சியான் சாயம் முந்திக்கொண்டு மங்கும். சியான் என்பது சிவப்பு ஒளியைத் தடுக்கும் சாயம். அது போனால் சிவப்பு தடையின்றி வருகிறது. சாயம் அதிகம் இருந்த இடத்தில்தான் இழப்பும் அதிகம் என்பதால், மாற்றம் நிழல் பகுதிகளில் கூடுதலாகவும், சாயமே இல்லாத வெள்ளையில் மிகக் குறைவாகவும் இருக்கும். எனவே சிவப்புச் சேனலின் கர்வில் இடது அடிமுனையை மட்டும் மேலே தூக்குங்கள். வலது உச்சிமுனையை அசைக்க வேண்டாம். கறுப்பு செம்பழுப்பாகும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். தாளுக்கு வயதானதால் வரும் மஞ்சள் கறை வேண்டுமென்றால் நீலச் சேனலின் உச்சிமுனையைச் சிறிது இறக்குங்கள். படம் முழுவதும் ஒரே சிவப்பை ஏற்றும் ப்ரீசெட்டுகள் போலியாகத் தெரிவது, அவை வெள்ளையையும் சேர்த்துச் சிவப்பாக்குவதால்தான்.

கோடாக்ரோமுக்கு இந்தக் கதை பொருந்தாது என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். அதில் சாயத்தை உருவாக்கும் இணைப்பான்கள் பிலிமில் இல்லாமல் கழுவும் திரவங்களில் இருந்தன. இருட்டில் பத்திரப்படுத்திய கோடாக்ரோம் ஸ்லைடுகள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ அன்றைய நிறத்திலேயே இருக்கின்றன. 1935இல் வந்த அந்தப் பிலிமின் தயாரிப்பு 2009இல் நின்றது. அதற்கான கழுவும் முறையும் ஏறத்தாழ 2010ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுக்கு வந்துவிட்டதால் இன்று புதிதாக எடுத்து ஒப்பிட வழியில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்லைடுகளை ஒளிப்பெட்டியின் மேல் வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க ஒப்பீடு. இணையத்தில் உலவும் ஸ்கேன்களில் ஸ்கேனரின் நீலச் சாய்வும் கலந்திருக்கக்கூடும்.

இனி ஒளிவட்டம். வலிமையான ஒளி பிலிமின் அடுக்குகளைத் தாண்டி அடித்தளத்தில் பட்டுத் திரும்பும்போது, அடித்தளத்துக்கு மிக அருகில் உள்ள சிவப்பு உணரும் அடுக்கைத்தான் முதலில் தொடும். வட்டம் சிவப்பும் ஆரஞ்சுமாக இருப்பதன் காரணம் அதுதான். அதைத் தடுப்பதற்கென்றே பிலிமில் தனி அடுக்கு உண்டு. சினிமா பிலிமின் கரும்பூச்சை நீக்கிவிட்டு விற்கப்படும் சினிஸ்டில் 800டி போன்றவற்றில் அது பளிச்சென்று தெரிவதும், சாதாரண ஸ்லைடில் அரிதாகத் தெரிவதும் இதனால்தான். நீங்கள் 1970களின் ஸ்லைடைத் தேடுகிறீர்கள் என்பதால் இதை மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள். நகையின் மினுக்கம், பின்னால் எரியும் விளக்கு போன்ற ஓரிரு இடங்கள் போதும். ஹைலைட்டுகளை மட்டும் தனி லேயரில் பிரித்தெடுத்து, காஸியன் பிளர் கொடுத்து, செம்மஞ்சள் நிறமேற்றி, ஸ்க்ரீன் கலப்பு முறையில் மெல்லிய அளவில் வையுங்கள். வெள்ளைச் சட்டை முழுவதும் சிவப்பாகப் பொங்கினால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள்.

கிரெய்ன் எல்லாவற்றுக்கும் கடைசி. கூர்மையாக்கலை முடித்து, படத்தை இறுதி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே அதைச் சேர்க்க வேண்டும். முழு அளவில் சேர்த்துவிட்டுப் பிறகு சிறிதாக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து காணாமல் போகும். சேர்த்த பிறகு கூர்மையாக்கினால் மணலாகிவிடும். டிஜிட்டல் இரைச்சல் நிழலில்தான் கூடுதலாகத் தெரியும். பிலிம் கிரெய்னைக் கண் அதிகமாக உணர்வது நடுத்தொனிகளில். ஃபோட்டோஷாப்பில் ஐம்பது விழுக்காட்டுச் சாம்பல் லேயரில் இரைச்சலைச் சேர்த்து, சிறிது பிளர் கொடுத்து, சாஃப்ட் லைட் முறையில் வைத்தால் ஆழ்ந்த கறுப்பிலும் தூய வெள்ளையிலும் அது தானாகவே அடங்கிவிடும். புள்ளிகளில் மிக மெல்லிய நிற வேறுபாடு இருக்கட்டும். வண்ணப் பிலிமில் நாம் பார்ப்பது வெள்ளித் துகள்களை அல்ல, அவை இருந்த இடத்தில் உருவான சாய மேகங்களை. முகத்தில் மட்டும் கிரெய்னை மாஸ்க் போட்டு நீக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நான் அதை ஏற்பதில்லை. பிலிமுக்கு முகம் எது, சுவர் எது என்று தெரியாது. தோலைச் செதுக்கும் ரீடச்சிங்கைக் கிரெய்னுக்கு முன்பே முடித்துவிட்டால், மிகையாக மென்மையான தோலின் மேலும் கிரெய்ன் சீராகப் படிந்து அதற்கு ஓர் இழையமைப்பைத் திருப்பித் தரும்.

இவ்வளவு கர்வுகளையும் எட்டு பிட் கோப்பில் செய்ய வேண்டாம். ஸ்டுடியோப் பின்னணித் தாளின் மென்மையான சாய்வில் பட்டைகள் விழும். பதினாறு பிட்டிலேயே இறுதி வரை இருந்துவிட்டு, ஏற்றுமதியின்போது மட்டும் மாற்றுங்கள். ஜேபெக் தரத்தை மிகவும் குறைத்தால் முதலில் பலியாவது கிரெய்ன்தான் என்பதால், இணையத்துக்கான கோப்பின் அளவு சற்றுக் கூடினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.